ஒரு தடவைதான் கூப்பிடுவார்

ஜூலை 3

இந்த டைரி போன வருடத்தது. அம்மா பீடி சுற்றிக் கொடுக்கும் கடையில் புது வருடத்துக்குக் கொடுத்தது, வீட்டில் யாரும் தொடாமல் கிடந்தது. கிழமைகள் ஒத்துவரவில்லை, தேதிகள் ஒத்துவருகின்றன. எனக்கு அது போதும்.

நேற்றுக் காலையில் கோயம்புத்தூரில் இறங்கினோம். அம்மா என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு மாலை பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள். அறையில் நான்கு பேர். மற்ற மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எனக்குக் கதவோரக் கட்டில். கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கட்டில் காலில் இடிக்கும், திறந்தவர் சாரி சொல்வார். இன்றைக்கு மொத்தம் ஒன்பது சாரி. வேறு பேச்சு நடக்கவில்லை.

முதல் மணி நேரம் கணிதம். வேதியியல்காரர்களுக்கும் இயற்பியல்காரர்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய ஹாலில் நூற்றுப் பதினெட்டுப் பேர். நாச்சிமுத்து சார் உள்ளே வந்ததும் சட்டத்தைச் சொல்லிவிட்டார். வருகைப் பதிவில் பெயரை ஒரு தடவைதான் கூப்பிடுவார். குரல் வந்தால் பி, வராவிட்டால் ஏ. அப்புறம் வந்து நின்று பயனில்லை. தலையைத் தூக்காமல் பேனாவும் கையுமாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

முப்பத்தோராவதாக என் பெயர். "இசக்கியம்மாள்." எங்கள் ஊரில் தெருவுக்கு மூன்று இசக்கி உண்டு. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் அம்மா இசக்கியம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை நான். வேறு பெயர் வைத்திருந்தால்தான் ஊரில் கேட்டிருப்பார்கள். இங்கே பின்வரிசையில் ஒருவன், "ஆத்தா வந்துட்டா, வழி விடுங்கப்பா" என்றான். ஹாலே சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் நூற்றுப் பதினேழு பேர்.

பிரசன்ட் சார் என்று சொன்னேன்.

ஜூலை 4

தொண்டை கட்டியிருக்கிறது. பஸ் காற்று.

ஜூலை 11

மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சாதம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் ஊர்க் குழம்பின் புளிப்புக்கு நாக்கு ஏங்குகிறது. ஏழு மணிக்கே போய்விட்டால் மேசைகள் காலியாக இருக்கும், யாருடன் உட்காருவது என்ற யோசனை மிச்சம். நான் எப்போதும் சீக்கிரம் சாப்பிடுகிறவள்.

அம்மா போன் பண்ணினாள். போனைத் தரையில் வைத்துவிட்டு பீடி இலை வெட்டிக்கொண்டே பேசுவாள், கத்தரிக்கோல் சத்தம் கேட்கும்.

"கூட்டாளிமாரு கெடைச்சாளுவளாட்டி?"

மூன்று பேர் கிடைத்தார்கள் என்றேன். கூட இருக்கிற மூன்று பேரைச் சொன்னேன், அதில் பொய்யில்லை.

"சத்தமாப் பேசு, கேக்க மாட்டுக்கு" என்றாள். அம்மா எந்தப் போனிலும் இதைச் சொல்வாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் கேட்க மாட்டுக்கு. சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 18

என் பக்கத்து இடத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். வேறு இடம் காலியில்லை. சம்யுக்தா என்று பெயர், இந்த ஊர்க்காரி, ஸ்கூட்டியில் வருகிறாள். என் பெயரை முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "நல்ல கெத்தான பேரு" என்றாள். மதியம் அவள் டப்பாவிலிருந்து இரண்டு சந்தவம் எடுத்து என் மூடியில் வைத்தாள். இடியாப்பத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அதைப் பற்றியும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு அலுப்புத் தெரியவில்லை.

ஜூலை 24

சம்யுக்தா இந்த வருடம் நீட்டுக்கு மறுபடி படிக்கிறாள். போன தடவை கொஞ்சத்தில் போய்விட்டதாம். கிடைக்காவிட்டால் கையில் ஒரு டிகிரி இருக்கட்டும் என்று அவள் அப்பா இங்கேயும் சேர்த்துவிட்டிருக்கிறார். இன்றிலிருந்து கோச்சிங் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை. அதாவது நாச்சிமுத்து சாரின் மணி நேரம் தினமும் போகும். மற்ற வகுப்புகளுக்கு வந்துவிடுவாள்.

"இசக்கி, நீ எனக்கு ஒரே ஒரு ஹெல்ப் பண்ணோணும். எம் பேரக் கூப்புட்டா பிரசன்ட் சொல்லிரு. அவரு தலையத் தூக்கவே மாட்டாரு."

என்னால் முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் அவள் நன்றி சொல்லிவிட்டாள்.

ஜூலை 25

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும். காலையில் இட்லி இறங்கவில்லை. எழுபத்தொன்பதாவது பெயர் சம்யுக்தா. அது வரும்வரை விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தது.

"பிரசன்ட் சார்!"

என் குரலா அது? ஹாலின் அந்தக் கோடிவரை போயிற்று. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெயருக்கு யாரும் சிரிக்கவில்லை. சார் பி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. தப்புதான். தெரியும்.

ஆகஸ்ட் 3

துணி துவைத்தேன். கொடியில் இடம் பிடிக்க ஐந்தரைக்கு எழ வேண்டியிருக்கிறது. வாளிக்கு என் பெயரை எழுதிவைத்தேன், யாரோ சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதியிருக்கிறார்கள். கேட்கவில்லை. புது வாளி வாங்கிக்கொள்ளலாம்.

சம்யுக்தா ஒரு யோசனை சொன்னாள். இரண்டு பெயருக்கும் ஒரே குரல் வந்தால் சாருக்குச் சந்தேகம் வரும். அதனால் என் பெயருக்குக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டு, அவள் பெயருக்கு மட்டும் இப்போது சொல்கிற மாதிரிச் சொல்ல வேண்டுமாம். நியாயமாகத்தான் பட்டது. இன்று அப்படியே செய்தேன். என் பெயருக்கும் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 17

"சம்யுக்தா, எந்திரிச்சு வந்து இந்தக் கணக்கப் போடு அம்மணி."

சார் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரிந்துவைத்திருக்கிறார். எழுந்து போனேன். போர்டு வரைக்கும் நடந்த தூரம் ஊருக்குப் போய் வருகிற தூரம் இருந்தது. வகை நுண்கணிதத்தில் ஒரு கணக்கு. முந்தின நாளே போட்டுப் பார்த்திருந்தேன். போட்டேன். "வெரி குட் சம்யுக்தா" என்றார்.

நூற்றுப் பதினேழு பேருக்கும் தெரியும் நான் சம்யுக்தா இல்லை என்று. ஒரு வாய் திறக்கவில்லை. ப்ராக்சியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் இந்த வகுப்பில் எல்லாரும் மதிக்கும் சட்டம். வெளியே வரும்போது அந்தப் பின்வரிசைக்காரன், "சூப்பர் சம்யுக்தா" என்றான். முதல் நாள் ஆத்தா என்றவன். என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18

பழைய வாளியைக் கேட்டு வாங்கிவிட்டேன்.

செப்டம்பர் 6

நேற்றுக் காய்ச்சல். நூற்றிரண்டு. வகுப்புக்குப் போகவில்லை. சாயங்காலம் சம்யுக்தாவிடமிருந்து போன் வந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன். ஐயோ என்றாள். பிறகு, அப்படியானால் இன்றைக்கு எனக்கும் ஏ விழுந்திருக்குமே என்றாள். நாளைக்கு வந்துவிடுவாயல்லவா என்றும் கேட்டாள்.

அக்கறையாகக் கேட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டு இன்று போய்விட்டேன்.

செப்டம்பர் 21

அலுப்பாக இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. காலையில் துணி, வரிசையில் நின்று குளியல், மெஸ், வகுப்பு, ரெக்கார்டு நோட்டு, மறுபடி மெஸ். நடுவில் தினமும் ஒரு நிமிடம் மட்டும் நான் வேறு ஆள். அந்த ஒரு நிமிடத்துக்காக எழுந்து போகிறேனோ என்று ஒரு சந்தேகம்.

சம்யுக்தா இப்போது பதினொரு மணிக்குத்தான் வருகிறாள். வந்ததும் தூங்கி விழுகிறாள். பாவம், அவளுக்கும் அலுப்பு. மதியம் டப்பாவைத் திறப்பதற்குள் கோச்சிங் தோழிகளுடன் போனில் பேசப் போய்விடுகிறாள். சந்தவம் வந்து நாளாயிற்று. சாப்பாட்டுக்காக யாரும் பழகுவதில்லை.

அக்டோபர் 9

அம்மாவிடம் பேசினேன். பஞ்சாயத்து ஆபீஸில் ஏதோ கையெழுத்துக்குப் போனவள், அங்கே இருந்தவர்களிடமெல்லாம் என் மகள் கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. வரைக்கும் படிப்பாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். முதல் செமஸ்டரே முடியவில்லை என்றேன். "அது ஒண்ணொண்ணா முடியும்" என்றாள். எல்லாப் பரீட்சையிலும் ஒரே தடவையில் தேறிவிட வேண்டும், அரியர் என்கிற சொல்லே நம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று, அந்தச் சொல்லை யாரிடமோ புதிதாகக் கற்றுக்கொண்டு வந்து சொன்னாள்.

நான் ம் என்றேன். கேட்க மாட்டுக்கு என்றாள்.

அக்டோபர் 30

நோட்டீஸ் போர்டில் வருகை குறைந்தவர்கள் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பாடத்தில் ஹால் டிக்கெட் கிடையாது. பக்கத்தில் எல்லாருடைய சதவீதமும் தனித் தாளில் இருந்தது. எனக்கு எதற்கு என்று தாண்டிப் போனேன். பின்வரிசைக்காரன்தான் கூப்பிட்டுக் காட்டினான். இந்தத் தடவை கேலியாகச் சொல்லவில்லை.

கணிதம். 31. இசக்கியம்மாள். 28.

கீழே 79. சம்யுக்தா. 97.

எழுபத்துநான்கு நாளில் எனக்கு இருபத்தொரு நாள்தான் பி. நான் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் தவிர எல்லா நாளும் அந்த ஹாலில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மற்ற பாடங்களில் தலை எண்ணி, ரோல் நம்பர் பார்த்துப் போடுகிறார்கள், அங்கெல்லாம் தொண்ணூறுக்கு மேல். இங்கே மட்டும் நான் வரவே இல்லை.

பயமாக இருக்கிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை.

அக்டோபர் 31

வேண்டுகோள் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு நாச்சிமுத்து சார் அறைக்குப் போனேன். வாசலில் அரை மணி நேரம் நின்றேன். அவரே பார்த்துவிட்டார்.

"வா அம்மணி, சம்யுக்தா. என்ன விசயம்?"

கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ரெஜிஸ்டரைப் பிரித்துப் பார்த்தார்.

"இந்த இசக்கியம்மாள்ங்கிற புள்ள ஜூலைல கொஞ்சம் வந்துச்சு. அதுக்கப்புறம் வரக் காணமே. வராத புள்ளைக்கு நீ வந்து நிக்கறே. நல்ல மனசு உனக்கு. ஆனா அந்தப் புள்ளையே வரோணும். போய் வரச் சொல்லு. வெள்ளிக்கெழமை சாயங்காலம் லிஸ்ட் பரீட்சை ஆபீஸுக்குப் போயிரும்."

வாயைத் திறந்தேன். அவருக்கு முன்னால் சம்யுக்தாவாக எத்தனையோ நாள் பேசியிருக்கிறேன். நான்தான் அது என்று சொல்ல மூன்று சொல் போதும். சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 1

சம்யுக்தாவிடம் சொன்னேன். முதலில் அவளுக்கும் அதிர்ச்சிதான். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு யோசித்தாள்.

"நீ போயி உண்மையச் சொன்னீன்னா எனக்கு பதினஞ்சு நாள்கூடத் தேறாது, இசக்கி. எங்கப்பாவக் கூப்புடுவாங்க. அவரு காலேஜ், கோச்சிங் ரெண்டையும் நிறுத்திப் போடுவாரு. நீ ஏப்ரல்ல அந்த ஒரு பேப்பர எழுதிக்கலாமல்லோ? கணக்கு உனக்கு நல்லா வரும்."

அரியர் என்றேன்.

"ஒரே ஒரு அரியர். உனக்கு என்ன, உங்க ஊருல யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் அழுதாள். அவளுக்கு நிஜமாகவே பயம். அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று எழுதப் போனேன். அடித்துவிட்டேன். இந்த டைரி முழுக்க அவள் சொல்வதில் நியாயம் இருந்திருக்கிறது.

முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதி, 'என் பெயருக்கும் சொன்னேன், அவருக்குக் கேட்டிருக்கும்' என்று எழுதியிருக்கிறேன். நான் சொல்லவில்லை. அன்றைக்கு உதட்டைக்கூட அசைக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் சொல்லவில்லை. முப்பத்தோராவது பெயர் வரும்போது பென்சில் கீழே விழுந்த மாதிரிக் குனிந்துகொள்வேன். அவள் மெதுவாகத்தான் சொல்லச் சொன்னாள், சொல்லாதே என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது, அவ்வளவுதான். யாரும் படிக்காத டைரியிலேயே பொய் எழுதியிருக்கிறேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

நவம்பர் 2

முப்பது பெயர் போகும்வரை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இசக்கியம்மாள்."

"பிரசன்ட் சார்."

சம்யுக்தாவின் குரலில்தான் வந்தது. என்னிடம் இருப்பது அந்த ஒரு குரல்தான். சார் தலையைத் தூக்கினார். நூற்றுப் பதினெட்டுப் பேர் முன்னால் அவர் வருகைப் பதிவின் நடுவில் தலையைத் தூக்கி நான் பார்த்ததில்லை.

"உக்காரு சம்யுக்தா. உம் பேரு இன்னும் வரல."

எழுந்து நின்றேன். நான்தான் இசக்கியம்மாள் சார் என்றேன். பின்வரிசையில்கூட யாரும் சிரிக்கவில்லை. சட்டத்தை உடைத்தவளை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள்.

சார் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மற்ற பெயர்களைக் கூப்பிட்டார். எழுபத்தொன்பதாவது பெயருக்குக் குரல் வரவில்லை. அவர் அதை இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு பேனாவை மூடினார். நாளைக்குச் சாயங்காலம் மூன்று மணிக்குக் கணக்கு நோட்டோடு வரச் சொன்னார்.

நவம்பர் 3

சார் அறையில் கணிதத் துறைத் தலைவியும் இருந்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. துறைத் தலைவி கோபமாகத்தான் பேசினார், பேச வேண்டியதுதான். மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். இன்னொரு தடவை நடந்தால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

நாச்சிமுத்து சார் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு நாளும் பக்கத்தின் மேலே தேதி போட்டு எழுதுகிறவள். ரெஜிஸ்டரையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நீ சொல்லி எனக்குக் கேக்கலியா அம்மணி, இல்ல நீ சொல்லவே இல்லியா?"

"சொல்லல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தினமும் தலையைக் குனிந்துகொண்டே கூப்பிட்டது தன் தப்பு என்று துறைத் தலைவியிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. பிறகு பேனாவைத் திறந்தார்.

"என்ற ரெஜிஸ்டர்ல குரல் வந்தாத்தான் எழுத்து மாறும். நான் கூப்புடறேன், நீ சொல்லு."

பட்டியல் ஒட்டிய நாள்வரை ஏ விழுந்த ஒவ்வொரு நாளையும் எடுத்தார். தேதியைச் சொல்வார், நோட்டைப் பார்ப்பார், என் முழுப் பெயரைக் கூப்பிடுவார். நான் பிரசன்ட் சார் சொல்வேன். அடித்துத் திருத்திப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடுவார். ஐந்தாறு நாளுக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்தினார், தண்ணீர் கொடுத்தார், மறுபடி கூப்பிட்டார். இருபதுக்கு மேல் தொண்டை வறண்டது. முப்பதுக்கு மேல் அந்தப் பெயர் வெறும் பெயராகிவிட்டது, வாளி, நோட்டு என்பது மாதிரி. செப்டம்பர் ஐந்து வந்தபோது, அன்றைக்கு நான் வரவில்லை சார், காய்ச்சல் என்றேன். ஏ-வை அப்படியே விட்டுவிட்டு அடுத்த தேதிக்குப் போனார். ஐம்பத்து இரண்டு தடவை. துறைத் தலைவி கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது சம்யுக்தாவுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். இந்தப் பேப்பரை அவள் ஏப்ரலில்தான் எழுத முடியும். திங்கட்கிழமையிலிருந்து திருப்புதல் வகுப்புகளுக்கு ஒழுங்காக வந்தால் மற்றதை மன்னித்துவிடுவார்களாம். அவளுடைய அப்பாவுக்கு ஏற்கெனவே போன் போய்விட்டது.

எனக்குக் கிடைக்கப்போகும் ஹால் டிக்கெட்டை நினைத்து மகிழ்ச்சியாக இருக்க முயன்றேன். அவள் எனக்குச் சந்தவம் வைத்த மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது.

ஆறு மணிக்கு அம்மாவுக்கு நானே போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது.

"என்னட்டி, தொண்ட இப்படிக் கம்மிக் கெடக்கு?"

பெயரைச் சொல்லிச் சொல்லிக் கட்டிவிட்டது என்றேன்.

"கம்முனாலும் இன்னைக்கு நல்லாக் கேக்கு" என்றாள்.

நவம்பர் 6

முதல் மணி நேரம். சம்யுக்தா எட்டே முக்காலுக்கே வந்து முன்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதல் நாள் என்னைப் பார்த்த மாதிரி.

முப்பத்தொன்று. சொன்னேன். சார் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதினார். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் தூக்குகிறார், அதனால் வருகைப் பதிவுக்கே கால் மணி நேரம் ஆகிறது. எழுபதுக்கு மேல் அவருக்கும் கழுத்து வலித்திருக்க வேண்டும், மறுபடி குனிந்துவிட்டார்.

"சம்யுக்தா."

பழக்கத்தில் என் வாய் பாதி திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அவள் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. அந்தப் பெயருக்கு எப்படிச் சத்தம் வர வேண்டும் என்று இந்த ஹாலில் எனக்குத்தான் தெரியும். சாரின் பேனா ஏ போடும் கட்டத்துக்குப் போய்விட்டது. ஒரு தடவைதான் கூப்பிடுவார்.

எழுந்தேன்.

"சார், அவ வந்திருக்கா."

சார் நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்தார். பி போட்டார். சம்யுக்தா திரும்பிப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்து நோட்டில் தேதி போட்டேன்.